பம்பிங் 35 சதவீதம், ஆனால் தெருமுனை வரை நடக்க முடியவில்லை: நடக்கும் தெம்பை எது கூட்டும்?

தறிச்சத்தம் (அம்மாப்பேட்டை):

எல்லோருக்கும் வணக்கம். அப்பாவுக்கு 61 வயது, பட்டுத் தறி நெய்தவர். போன வருடம் மாரடைப்பு வந்து ஸ்டென்ட் வைத்தார்கள். வீட்டுக்கு அனுப்பும்போது இதயத்தின் பம்பிங் 25 சதவீதம்தான் என்றார்கள். மாத்திரை ஒருவேளைகூடத் தவறியதில்லை. இப்போது எடுத்த எக்கோவில் 35 வந்திருக்கிறது. ரிப்போர்ட்டைப் பார்த்து வீடே சந்தோஷப்பட்டது. அப்பா மட்டும், "நம்பர் ஏறி என்ன பண்ண, தெருமுனை டீக்கடைக்குப் போறதுக்குள்ள ரெண்டு இடத்துல நிக்கிறேன்" என்கிறார்.

அவரோடு ஒரே வார்டில் இருந்தவருக்குப் பம்பிங் இதைவிடக் குறைவு. அவர் அண்ணா பூங்காவில் தினமும் நடக்கிறாராம். இது எப்படி? இதயம் பலவீனமானவர்களில் சிலருக்கு மட்டும் தெம்பு திரும்புகிறதே, அதற்குக் காரணம் வயதா, மருந்தா, சாப்பாடா, பயிற்சியா? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள். குமரகிரி படியேறி முருகனைப் பார்க்க வேண்டும் என்பது அவர் ஆசை. அதையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

வெள்ளிக்கொலுசு (செவ்வாய்ப்பேட்டை):

தம்பி, 35 என்பது பாதிகூட இல்லை. இந்த நிலையில் நடை, படி என்றெல்லாம் யோசிக்காதீர்கள். நல்ல ஓய்வு, நல்ல சாப்பாடு. எங்கள் பெரியப்பாவைக் கட்டிலை விட்டு இறங்க விடாமல்தான் பார்த்துக்கொண்டோம்.

இயன்முறை (சூரமங்கலம்):

நான் பிசியோதெரபிஸ்ட். ஐயா சொல்வது ஒரு காலத்தில் மருத்துவர்களே சொன்னதுதான். 1950, 60களில் இதயம் பலவீனமானவர்களை வாரக்கணக்கில் படுக்க வைத்தார்கள். கால் வீங்கி, மூச்சுத் திணறி, மருத்துவமனையில் சேர்க்கும் நிலையில் இருப்பவருக்கு இன்றும் ஓய்வுதான். ஆனால் நிலைமை சீராகி, மாத்திரை அளவு செட்டாகிவிட்டவரைப் படுக்க வைத்தால் இருக்கிற தசையும் கரைந்துவிடும்.

முதலில் அந்தப் பம்பிங் கணக்கைத் தெளிவாக்கிக்கொள்ளலாம். ஒவ்வொரு துடிப்பிலும் இதய அறையில் நிறைந்த ரத்தத்தில் எத்தனை சதவீதம் வெளியே போகிறது என்பதுதான் அந்த எண். 35 என்றால் நூற்றுக்கு 35 மார்க் என்று பலர் நினைக்கிறார்கள். ஆரோக்கியமான இதயத்துக்கே சுமார் 55 முதல் 70 வரைதான். அதோடு இது அசையாமல் படுத்திருக்கும்போது எடுக்கிற அளவு. ஓய்வில் எடுத்த இந்த எண்ணுக்கும் ஒருவர் எவ்வளவு உழைக்க முடியும் என்பதற்கும் தொடர்பு மிகக் குறைவு என்று 1981லேயே ஆய்வு வந்துவிட்டது. கிணற்று மோட்டார் எத்தனை குதிரைசக்தி என்று மட்டும் பார்த்து விளைச்சலைச் சொல்ல முடியுமா? வாய்க்காலும் மண்ணும் எப்படி இருக்கின்றன என்று பார்க்க வேண்டாமா?

இதயம் பலவீனமாக இருக்கும் மாதங்களில் கால் தசை மெலிகிறது. நீண்ட நேரம் களைக்காமல் உழைக்கும் தசை நார்கள் குறைந்து, சீக்கிரம் களைக்கும் நார்களின் பங்கு கூடுகிறது. தசைக்குள் ஆக்சிஜனை எரிக்கும் மைட்டோகாண்ட்ரியா குறைகிறது. ரத்தக் குழாய்களும் உழைப்புக்குத் தகுந்தபடி விரிவதில்லை. இதயம் அனுப்புகிற ரத்தம் காலுக்கு வந்து சேர்ந்தாலும் அதிலிருந்து ஆக்சிஜனை உறிஞ்சத் தசைக்குத் தெம்பு இல்லை.

1988ல் அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்தில், பம்பிங் சராசரியாக 24 சதவீதம் இருந்த 12 பேருக்குச் சில மாதங்கள் பயிற்சி கொடுத்துப் பார்த்தார்கள். உச்ச உழைப்பில் உடல் எடுத்துக்கொள்ளும் ஆக்சிஜன் 23 சதவீதம் கூடியது. அதில் பெரும்பங்கு தசை கற்றுக்கொண்டதால் வந்தது, இதயம் வலுவடைந்ததால் அல்ல. பூங்காவில் நடக்கும் அந்த வார்டு நண்பரின் விஷயத்திலும் காலைத்தான் முதலில் பார்ப்பேன்.

வெள்ளிக்கொலுசு (செவ்வாய்ப்பேட்டை):

12 பேரை வைத்து எதையும் சொல்லலாமே மேடம்.

கணக்கு வாத்தியார் (ஃபேர்லேண்ட்ஸ்):

நியாயமான கேள்வி. ஓய்வுபெற்ற புள்ளியியல் ஆசிரியன், எனக்கும் இரண்டு ஸ்டென்ட் உண்டு, அதனால் இதில் கொஞ்சம் படித்திருக்கிறேன்.

பெரிய சோதனை எச்.எஃப்.ஆக்‌ஷன் என்பது. அமெரிக்கா, கனடா, பிரான்ஸ் நாடுகளில் 2,331 பேர், எல்லோருக்கும் பம்பிங் 35 அல்லது அதற்குக் கீழே. குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்து, ஒரு பாதிக்கு முதலில் மேற்பார்வையில் 36 பயிற்சிகள், அப்புறம் வீட்டில் வாரம் ஐந்து நாள், தலா 40 நிமிடம். 2009ல் முடிவு வந்தது. ஆறு நிமிடத்தில் நடக்கும் தூரம் மூன்று மாதத்தில் பயிற்சி எடுத்தவர்களுக்கு நடுமதிப்பாக 20 மீட்டர் கூடியது, மற்றவர்களுக்கு 5 மீட்டர். உச்ச ஆக்சிஜன் அளவிலும் லாபம் சிறியதுதான். இறப்பும் மருத்துவமனைச் சேர்க்கையும் சேர்ந்த கணக்கில், நேரடியாகப் பார்த்தால் தெளிவான வித்தியாசம் இல்லை. நோயின் தீவிரம் போன்றவற்றைச் சரிசெய்து கணக்கிட்டபோதுதான் சிறு நன்மை தெரிந்தது. முக்கியமான விஷயம், பயிற்சியால் ஆபத்து கூடவில்லை. ஐயாவுடைய பயத்துக்கு இது பதில்.

லாபம் ஏன் இவ்வளவு சிறியது? சொன்ன நிமிடங்களை முழுதாகச் செய்தவர்கள் பாதிக்கும் குறைவு. அப்புறம் அதே ஆட்களை வைத்து 2012ல் இன்னொரு கணக்குப் போட்டார்கள். மிதமான அளவு, நிதான நடையாகச் சொன்னால் வாரத்துக்கு ஒரு மணி முதல் இரண்டேகால் மணி வரை செய்தவர்களுக்கு, பின்னால் வரும் ஆபத்து 30 சதவீதத்துக்கு மேல் குறைந்திருந்தது.

இங்கேதான் நிதானிக்க வேண்டும். நடந்ததால் நன்றாக இருந்தார்களா, நன்றாக இருந்ததால் நடந்தார்களா? முதல் கணக்கில் குலுக்கல் இருந்தது. இரண்டாவதில் இல்லை. யூடியூபில் "இதைச் செய்தவர்கள் நீண்ட நாள் வாழ்ந்தார்கள்" என்று வருகிற பாதி விஷயம் இந்த இரண்டாவது ரகம். தறிச்சத்தம் கேட்ட "எது காரணம்" என்ற கேள்விக்கு, சேர்ந்து காணப்படுபவை நிறைய, காரணம் என்று நிரூபணமானவை கொஞ்சம் என்பதே நேர்மையான பதில்.

குகைக்காரி (குகை):

வாத்தியார் சார், நீங்கள் சொல்வது புரிகிறது, ஆனால் வீட்டில் நடப்பது வேறு. என் வீட்டுக்காரருக்கும் இதே நோய். அவருக்குக் காலில் பலம் இல்லாததைவிட மனதில் பயம்தான் அதிகம். இதயம் கொஞ்சம் வேகமாக அடித்தாலே "அட்டாக் வருது" என்று உட்கார்ந்துவிடுவார். டிஸ்சார்ஜ் பண்ணும்போது ஒரு தனியார் மருத்துவமனையில் "வெயிட் தூக்காதீங்க, ஜாக்கிரதையா இருங்க" என்று மட்டும் சொல்லி அனுப்பினார்கள். எவ்வளவு நடக்கலாம் என்று ஒரு வார்த்தை இல்லை. பேச்சும் குறைந்துவிட்டது, டிவிகூடப் பார்ப்பதில்லை. அந்த மனச்சோர்வுக்குத் தனியாக டாக்டரிடம் காட்டிய பிறகுதான் வாசலுக்கே வந்தார். எந்தக் கணக்கில் இதைச் சேர்ப்பீர்கள்?

கணக்கு வாத்தியார் (ஃபேர்லேண்ட்ஸ்):

அம்மா, அதையும் எண்ணியிருக்கிறார்கள். அதே சோதனையில் பயிற்சி எடுத்தவர்களின் மனச்சோர்வு மதிப்பெண் சிறிது குறைந்தது. மனச்சோர்வு உள்ளவர்கள் பயிற்சியைத் தொடர்வது கடினம் என்பதும் பல ஆய்வுகளில் வருகிறது. இரண்டு பக்கமும் ஓடும் சங்கிலி அது.

மருந்துக்கடை (நாலு ரோடு):

எல்லோரும் பயிற்சியையே பேசுகிறீர்கள். தறிச்சத்தம், அப்பாவுக்கு ஃபெரிட்டின், அதாவது உடம்பில் சேமிப்பாக இருக்கும் இரும்பைக் காட்டும் டெஸ்ட், பார்த்தீர்களா? ஹீமோகுளோபின் மட்டும் பார்த்துவிட்டு "ரத்தம் நல்லா இருக்கு" என்று விட்டுவிடுவார்கள். இதயப் பலவீனம் உள்ளவர்களில் ஏறத்தாழ பாதிப் பேருக்கு இரும்புச்சத்துக் குறைவு இருக்கிறது. ரத்தசோகை இல்லாமலும் இருக்கலாம். தசை உழைக்கவும் இரும்பு தேவை. இவர்களுக்கு மட்டும் அளவுகோல் வேறு: ஃபெரிட்டின் 100க்குக் கீழே இருந்தால் குறைவு. 100 முதல் 299 வரை இருந்தால் டிரான்ஸ்ஃபெரின் சாச்சுரேஷன் (ரத்தத்தில் இரும்பைச் சுமக்கும் புரதம் எவ்வளவு நிரம்பியிருக்கிறது என்ற அளவு) 20 சதவீதத்துக்குக் கீழே இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். லேப் தாளில் அச்சடித்திருக்கும் நார்மல் வரம்பை வைத்து முடிவு பண்ணாதீர்கள்.

வெள்ளிக்கொலுசு (செவ்வாய்ப்பேட்டை):

அதற்கு எதற்கு டெஸ்ட்? முருங்கைக்கீரை, பேரீச்சம்பழம், கொஞ்சம் கருப்பட்டி. போதும்.

மருந்துக்கடை (நாலு ரோடு):

கீரை நல்லதுதான் அண்ணா, சாப்பிடட்டும். ஆனால் இந்த நோயில் மாத்திரையே வேலை செய்யவில்லை. 2017ல் வந்த அயர்ன்அவுட் ஆய்வில் 225 பேருக்கு 16 வாரம் நல்ல அளவில் இரும்பு மாத்திரை கொடுத்தும் உச்ச ஆக்சிஜன் அளவு நகரவில்லை. உடம்பில் ஒரு அழற்சி நிலை இருந்துகொண்டே இருப்பதால் குடல் இரும்பை உள்ளே விடாது என்பதுதான் விளக்கம். நரம்பில் ஏற்றினால் கதை வேறு. 2009ன் ஃபேர் ஆய்வில் 459 பேர், ஃபெரிக் கார்பாக்ஸிமால்டோஸ் என்ற இரும்பு ஊசி. 24 வாரத்தில் ஆறு நிமிட நடையில் மருந்து இல்லாதவர்களைவிட 35 மீட்டர் முன்னிலை. பயிற்சியில் கிடைத்ததைவிட அதிகம், கவனித்தீர்களா? கருப்பட்டி பற்றி இன்னொன்று, சர்க்கரை நோய் இருந்தால் அதுவும் சர்க்கரைதான்.

ஒண்டிக்கடை (ஏற்காடு):

நான் காபி எஸ்டேட்டில் கணக்கெழுதுபவன், பம்பிங் 30. என் பிரச்சினை மாத்திரை. இதயத் துடிப்பை மட்டுப்படுத்தும் பீட்டா பிளாக்கர் ஆரம்பித்த புதிதில் கை கால் கட்டிப்போட்ட மாதிரி இருந்தது. நாடித்துடிப்பும் ஏறாது. இந்த மாத்திரையை விட்டால் நடக்கலாமே என்று தோன்றியது. இப்படி வேறு யாருக்காவது?

இயன்முறை (சூரமங்கலம்):

அண்ணா, அதை நீங்களாக நிறுத்தவே கூடாது. திடீரென்று விட்டால் இதயத் துடிப்பே தாறுமாறாகலாம். ஆரம்பத்தில் களைப்பு வருவது சகஜம், சில வாரங்களில் பெரும்பாலானவர்களுக்கு அடங்கும். அடங்காவிட்டால் அளவை மாற்றுவது டாக்டர் வேலை. பம்பிங் 25லிருந்து 35 ஆனதில் இந்த மாதிரி மாத்திரைகளுக்குத்தான் பெரிய பங்கு.

ஆனால் நீங்கள் சொன்ன நாடி விஷயம் சரி. இந்த மாத்திரை போட்டுக்கொண்டு கைக்கடிகாரத்தில் துடிப்பைப் பார்த்து நடப்பது வீண். நாங்கள் உழைப்பை உணர்வால் அளக்கச் சொல்வோம். 6 (சிரமமே இல்லை) முதல் 20 (இதற்கு மேல் முடியாது) வரை ஒரு அளவுகோல் உண்டு, அதில் 11, 12, 13 இருந்தால் போதும். அதாவது நடந்துகொண்டே பக்கத்தில் வருபவரிடம் ஒரு வாக்கியம் முழுதாகப் பேச முடிய வேண்டும், பாட்டுப் பாட முடியக் கூடாது.

ஒண்டிக்கடை (ஏற்காடு):

சரிங்க. இன்னொன்று. கீழே சேலத்துக்கு வந்து மூக்கனேரிக் கரையில் நடந்தால் சுலபமாக இருக்கிறது. மேலே ஏரியைச் சுற்றினால் மூச்சு வாங்குகிறது. குளிர்ச்சியான இடம், காற்று சுத்தம், பின் ஏன்?

கணக்கு வாத்தியார் (ஃபேர்லேண்ட்ஸ்):

காற்று சுத்தம்தான், ஆனால் மெலிசு. சேலம் கடல்மட்டத்திலிருந்து 300 மீட்டருக்குள், ஏற்காடு சுமார் 1,500 மீட்டர். காற்றழுத்தம் ஏழில் ஒரு பங்கு குறைகிறது, ஆக்சிஜனும் அதே விகிதத்தில். சாதாரண ஆளுக்குத் தெரியாது. உயரம் கூடக்கூட உழைப்புத் திறன் எவ்வளவு குறைகிறது என்று இதய நோயாளிகளிடம் பார்த்தபோது, ஏற்கெனவே திறன் குறைந்தவர்களுக்கே இழப்பு அதிகமாக இருந்தது. கூடவே உங்கள் ஊரில் சமதளம் எங்கே இருக்கிறது? ஏற்றத்தில் வைக்கும் ஒவ்வொரு அடியும் சமதள நடையைவிடச் செலவு.

இயன்முறை (சூரமங்கலம்):

அதற்காக அண்ணா கீழே குடிவர வேண்டியதில்லை. அங்கேயே இருந்து பழகிய உடம்பு. வேகத்தைக் குறைத்து, ஏற்றம் இல்லாத துண்டைத் தேர்ந்தெடுத்து நடந்தால் போதும். சேலத்திலிருந்து மேலே சுற்றிப் பார்க்கப் போகிற நோயாளிகள்தான் கவனிக்க வேண்டும். இருபது கொண்டை ஊசி வளைவு தாண்டி இறங்கியதும் நேராக பகோடா பாயின்ட் பாறையில் ஏறாதீர்கள்.

அதற்கு நேர்மாறான ஆபத்து இங்கே கீழே. சித்திரை வெயிலில் காலை எட்டு மணிக்கு மேல் நடை வேண்டாம். நீர் மாத்திரை போடுகிறவர்களுக்கு வியர்வையும் சேர்ந்தால் பிரஷர் இறங்கித் தலை சுற்றும்.

குகைக்காரி (குகை):

எடை குறைத்தால் மூச்சு வாங்குவது குறையுமா? இவர் 92 கிலோ. டாக்டர் "உங்களுக்கு பம்பிங் நார்மல், இதயம் விரிவதில்தான் குறை" என்கிறார். அதுவும் இதே நோய்தானா?

இயன்முறை (சூரமங்கலம்):

அதே நோயின் இன்னொரு வகை. பம்பிங் 50க்கு மேலே, ஆனால் இதயத் தசை விறைத்திருக்கும். பெண்களிடமும், வயதானவர்களிடமும், பிரஷர், சர்க்கரை, உடல் பருமன் உள்ளவர்களிடமும் அதிகம். இவர்களுக்குப் பயிற்சியின் பலன் பெரும்பாலும் தசையிலிருந்தே வருகிறது. 2016ல் வந்த ஒரு சோதனை முழுக்க உங்கள் வீட்டுக்காரர் மாதிரியான ஆட்களை வைத்துத்தான்: வயதானவர்கள், பருமனானவர்கள். ஒரு குழுவுக்குச் சாப்பாட்டில் கலோரி குறைப்பு, ஒரு குழுவுக்கு நடை, ஒரு குழுவுக்கு இரண்டும். தனித்தனியாகவும் திறன் கூடியது, இரண்டும் சேர்ந்தபோது கூட்டிப் போட்ட மாதிரி கூடியது. ஆனால் பட்டினி போடாதீர்கள், தசை போய்விடும். முட்டை, பருப்பு, மோர் குறையக் கூடாது.

மருந்துக்கடை (நாலு ரோடு):

சாப்பாடு என்றதும் சேலத்தில் சொல்லியே ஆக வேண்டும். தட்டுவடை செட், ஊறுகாய், அப்பளம், கருவாடு, எல்லாமே உப்பு, உப்பு உடம்பில் தண்ணீரைத் தேக்கும். மாலையில் ஒரு பிளேட் செட் சாப்பிட்டுவிட்டு மறுநாள் கால் வீங்கியதென்று நீர் மாத்திரையைக் கூட்டிக் கேட்டு வருகிறவர்களை வாராவாரம் பார்க்கிறேன். தண்ணீர் கோத்த உடம்பை வைத்துக்கொண்டு எந்தப் பயிற்சியும் பலிக்காது.

தறிச்சத்தம் (அம்மாப்பேட்டை):

எல்லோருக்கும் நன்றி. மருந்துக்கடை அண்ணா சொன்னபடி டெஸ்ட் எடுத்தோம். ஹீமோகுளோபின் 13.1, லேப்காரர் நார்மல் என்றார். ஃபெரிட்டின் 58. இதய டாக்டரிடம் காட்டியதும் "ஏற்றிவிடலாம், ஆஸ்பத்திரியில் வைத்துத்தான்" என்று தேதி கொடுத்திருக்கிறார். பயிற்சிக்கும் சம்மதம் சொன்னார்.

மேடம், எதிலிருந்து தொடங்குவது? அப்பா திரும்பவும் தறியில் உட்கார ஆசைப்படுகிறார். குழித்தறி, காலால் மிதிக்க வேண்டும், நாள் முழுக்கக் கையும் ஓடும். அது பயிற்சிக் கணக்கில் வருமா?

இயன்முறை (சூரமங்கலம்):

நல்ல கேள்வி, யாரும் கேட்டதில்லை. மிதிப்பது கால் தசைக்கு வேலைதான். ஆனால் கையை ஓயாமல் வீசுவது நடையைவிட இதயத்துக்குச் சிரமம் கொடுக்கும், பிரஷரையும் ஏற்றும். குழியில் உட்கார்ந்து எழுவதற்கே இப்போது அவருக்குத் தொடையில் பலம் வேண்டும். அதனால் தறி பின்னால். முதலில் நாற்காலி.

கை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து எழுந்து உட்காரட்டும், களைக்கும் முன் நிறுத்தட்டும். 2021ல் ரீஹாப் எச்.எஃப். என்று ஒரு சோதனை. மருத்துவமனையில் சேர்ந்து மீண்ட 349 முதியவர்கள், எல்லோருக்கும் 60க்கு மேல். அவர்களை நேராக நடக்க வைக்கவில்லை. பலம், சமநிலை, எழுந்து நகர்வது, தாக்குப்பிடிப்பது என்று நான்கையும் சேர்த்துக் கொடுத்தார்கள். உடல் இயக்கம் தெளிவாக மேம்பட்டது. நம் ஊரில் எடுத்தவுடன் "வாக்கிங் போங்க" என்பார்கள், தொடையில் பலமில்லாதவர் எங்கே போவார்?

நடைக்கு, தெருவில் 30 மீட்டருக்கு இரண்டு சாக்பீஸ் கோடு. கூட ஒரு ஆள் வேண்டும். ஆறு நிமிடம் போய்வரட்டும், நிற்கலாம், உட்காரலாம், கடிகாரம் மட்டும் ஓடட்டும். அந்தத் தூரத்தை எழுதிவையுங்கள். அடுத்த மாதம் 30 மீட்டர் கூடியிருந்தால் அது உண்மையான முன்னேற்றம், ஐந்து பத்து மீட்டருக்குக் குதிக்க வேண்டாம். தினசரி நடையை ஐந்து நிமிடத் துண்டுகளாக்கி, நடுவில் ஓய்வு கொடுத்து, துண்டை மெல்ல நீட்டுங்கள். தொடக்கமும் முடிவும் மெதுவாக இருக்கட்டும்.

மூன்று நாளில் இரண்டு கிலோ எடை ஏறினால், கால் வீங்கினால், இரவில் தலையணை கூட்டி வைத்தால்தான் தூக்கம் வருகிறது என்றால் நடை நிறுத்தம், டாக்டரைப் பாருங்கள். நெஞ்சுவலி, மயக்கம் வந்தால் 108. அரசு மருத்துவமனையின் இயன்முறைப் பிரிவிலும் விசாரியுங்கள். வீட்டை விட்டு வர முடியாதவர்களுக்கு மக்களைத் தேடி மருத்துவத்தில் வீட்டுக்கே வந்து பிசியோதெரபி கொடுக்கும் ஏற்பாடும் இருக்கிறது.

வெள்ளிக்கொலுசு (செவ்வாய்ப்பேட்டை):

எல்லாம் சரி மேடம். குமரகிரி எப்போது?

இயன்முறை (சூரமங்கலம்):

தேதி கேட்காதீர்கள் ஐயா. வீட்டு மாடிப்படி ஒரு தளம் நிற்காமல் ஏறி, மேலே போய் ஒரு வாக்கியம் பேசட்டும். அப்புறம் டாக்டரிடம் ட்ரெட்மில் பார்த்துவிட்டுப் பேசலாம்.

ஒண்டிக்கடை (ஏற்காடு):

மூச்சுத் தசைக்கு ஒரு கருவி இருக்கிறதாமே, வாயில் வைத்து இழுக்கிறது? ஆஸ்பத்திரியில் கொடுக்கும் மூன்று பந்து டப்பாவா அது?

இயன்முறை (சூரமங்கலம்):

இல்லை அண்ணா. மூன்று பந்து டப்பா நுரையீரல் விரிவதற்கு. நீங்கள் சொல்வதில் ஸ்பிரிங் இருக்கும், இழுக்கும்போது எதிர்ப்புக் கொடுக்கும். மூச்சிழுக்கும் தசை பலவீனமானவர்களுக்கு மட்டும் பலன் தெரிகிறது. வீட்டிலேயே தினம் 30 நிமிடம், 12 வாரம் செய்ய வைத்த 2006ன் ஆய்வில் நடை தூரமும் கூடியது. பலவீனமா என்று முதலில் அளந்து பார்க்காமல் வாங்காதீர்கள்.

தறிச்சத்தம் (அம்மாப்பேட்டை):

கடைசியாக ஒன்று. அப்பா காலை ஆறரைக்கு நீர் மாத்திரை போடுகிறார். நடைக்கு முன்பா, பின்பா? வழியில் அவசரம் வந்தால் என்று தயங்குகிறார்.

மருந்துக்கடை (நாலு ரோடு):

ஃப்யூரோசமைடு என்றால் ஒரு மணி நேரத்தில் வேலையைக் காட்டும், ஆறு மணி நேரம் வரை இழுக்கும். முதல் இரண்டு மூன்று மணிநேரம்தான் அதிகம். ஆறு மணிக்கு நடந்து முடித்து வீட்டுக்கு வந்து போட்டுக்கொள்ளட்டும். டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு மாற்றுங்கள். சாயங்காலத்துக்குத் தள்ளாதீர்கள், ராத்திரித் தூக்கம் போய்விடும்.

தறிச்சத்தம் (அம்மாப்பேட்டை):

சரிங்க அண்ணா. இன்று சாக்பீஸ் கோடு போட்டாயிற்று. 240 மீட்டர், நடுவில் ஒருமுறை நின்றார். ஊசி போட்ட பிறகு எடுக்கும் அளவை இங்கேயே பதிவிடுகிறேன்.